இரட்டைக் கன்ட்ரோலர்களை இயக்கத்துக்குக் கொண்டுவருதல்

இரட்டைக் கன்ட்ரோலர் என்பது ஒரே வேலைக்கு நிறுத்தப்பட்ட இரண்டு கன்ட்ரோலர்களின் சேர்க்கை. ஒன்று ஆலையை ஓட்டும். மற்றொன்று அதே நிரலையும் அதே அளவீடுகளையும் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடிவரும். ஓட்டுவது நின்றுபோனால் கூட வருவது அந்தக் கணமே பொறுப்பேற்க வேண்டும். வால்வு அசையக் கூடாது, மோட்டார் நிற்கக் கூடாது, கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு அலாரத்தைப் பார்த்துத்தான் மாற்றம் நடந்ததே தெரிய வேண்டும். சீமென்ஸ் எஸ்7-400எச் போன்ற வகைகளில் இவற்றுக்கு மாஸ்டர், ஸ்டாண்ட்பை என்று பெயர். ஆலன்-பிராட்லியின் கன்ட்ரோல்லாஜிக்ஸில் பிரைமரி, செகண்டரி. இந்த அத்தியாயம் முழுவதும் மாஸ்டர், ஸ்டாண்ட்பை என்றே வரும்.

எல்லா இயந்திரத்துக்கும் இந்த ஏற்பாடு தேவையில்லை. ஒரு பேக்கிங் இயந்திரம் பத்து நிமிடம் நின்றால் பத்து நிமிட உற்பத்தி போகும், அவ்வளவுதான். நிற்பதே சேதமாகும் இடங்களுக்குத்தான் இரட்டை தேவை. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. வாளையாறில் 1984இல் உற்பத்தி தொடங்கிய மலபார் சிமெண்ட்ஸ் போன்ற ஆலையின் உயிர்நாடி சுழலும் கில்ன். அதன் எரிமண்டலத்தில் கிளிங்கர் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் கில்ன் சுழலாமல் நின்றால் எஃகு உடல் தன் எடையாலேயே வளையத் தொடங்கும். மெயின் டிரைவ் நின்ற சில நிமிடங்களில் துணை டிரைவைக் கொண்டு மெதுவாகவாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே மழை பெய்தால் அவசரம் இன்னும் கூடும், ஏனென்றால் உடலின் மேற்பக்கம் மட்டும் வேகமாகக் குளிரும்.

இரண்டாவது இடம் மூலமற்றம். நாடுகாணி மலைக்குள் குடைந்து கட்டப்பட்ட இடுக்கி மின்நிலையத்தின் முதற்கட்டம் 1976இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்று அங்கே 130 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு, மொத்தம் 780 மெகாவாட். தண்ணீர் 600 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கி பெல்டன் சக்கரங்களில் மோதுகிறது. இத்தகைய நிலையத்தில் நீரைச் சட்டென்று அடைத்தால் குழாய்க்குள் அழுத்தம் ஏறி எல்லாவற்றையும் உலுக்கிவிடும். அதனால் சுமை திடீரென விலகும்போது முதலில் டிஃப்ளெக்டர் நீர்த்தாரையைச் சக்கரத்திலிருந்து திருப்பும். நாசிலின் ஊசி அதன் பிறகு நிதானமாக மூடும். இந்த வரிசை கலையாமல் இருப்பதற்குக் கன்ட்ரோலர் விழித்திருக்க வேண்டும். கீழே வரும் முறைகள் எந்த ஒரு நிலையத்தின் குறிப்பிட்ட அமைப்பையும் விவரிப்பவை அல்ல. இவ்விரு வகை ஆலைகளிலும் இரட்டைக் கன்ட்ரோலரை நிறுவி ஓட்டுபவர் வரிசையாகச் செய்ய வேண்டியவை அவை.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு ரேக்கிலும் பச்சை விளக்கு எரிந்தவுடன் வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுவதுதான் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து, இயந்திரம் அதைக் கவனிக்கவே இல்லை என்று உறுதியான பிறகுதான் அது இரட்டை. அதுவரை அது விலை கூடிய ஒற்றை.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

இரட்டையைத் தோற்கடிப்பது பெரும்பாலும் கன்ட்ரோலரின் பழுது அல்ல. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. ஆகவே முதல் சோதனை கன்ட்ரோலரில் தொடங்காது, அதைச் சுற்றியுள்ளவற்றில் தொடங்கும்.

முதலில் மின்வழங்கல். ஒவ்வொரு ரேக்குக்கும் தனித்தனி எம்சிபி இருப்பதைக் காட்டி இரண்டு சப்ளை என்று சொல்வது வழக்கம். அந்த இரண்டு எம்சிபியும் ஒரே பஸ்பாரிலிருந்து வந்தால், ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குழாய் இழுத்த கதைதான். நீர்மின் நிலையங்களில் 110 அல்லது 220 வோல்ட் டிசி பேட்டரித் தொகுதிகள் இருக்கும். இரண்டு தொகுதிகள் இருந்தால் ஒரு ரேக்கை ஒன்றிலும் மற்றதை இன்னொன்றிலும் கட்ட வேண்டும். சிமெண்ட் ஆலைபோல் யுபிஎஸ்ஸை நம்பும் இடங்களில் இரண்டு யுபிஎஸ்ஸின் உள்வரவும் வெவ்வேறு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து வருகிறதா என்று ஒற்றைக்கோட்டுப் படத்தை விரித்துவைத்துத் தேட வேண்டும். படத்தை மட்டும் நம்பாமல், ஒரு பக்கத்தை உண்மையாகவே அணைத்து மறுபக்கத்து ரேக் எரிகிறதா என்று பார்ப்பது மேல். கட்டடம் கட்டியபோது போட்ட படத்துக்கும் பத்து ஆண்டுகளுக்குப் பின் இருக்கும் கம்பிக்கும் பல ஆலைகளில் உறவே இருப்பதில்லை.

24 வோல்ட் டிசி வழங்கலை ரேக்கின் முனையிலேயே, எல்லாச் சுமையும் ஏறிய நிலையில் அளக்க வேண்டும். பல உற்பத்தியாளர்கள் அனுமதிக்கும் எல்லை 20.4 முதல் 28.8 வோல்ட் வரை. சுமையில்லாமல் 24 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் 21க்கு இறங்கும் வழங்கல் கோடை மதியத்தில் ஏமாற்றிவிடும். இரண்டு வழங்கல்களை டையோடு மாட்யூல் வழியே சேர்த்திருந்தால், ஒவ்வொன்றும் தனியாக முழுச் சுமையைத் தாங்குமா என்று ஒன்றை அணைத்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது எர்த். இதற்கு இந்தியத் தரக்குறிப்பு ஐஎஸ் 3043. இடுக்கி மலைகளில் சித்திரை, வைகாசியிலும் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் மாலை நேரத்து இடியும் மின்னலும் கடுமை. அங்கே கன்ட்ரோலருக்கென்று தனியாக ஒரு எர்த் குழி வெட்டி, நிலையத்தின் எர்த் வலையோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் எழும்பி, அது சிக்னல் கம்பி வழியே கார்டுகளுக்குள் பாயும். இரண்டு ரேக், அவற்றின் ஐ/ஓ பேனல்கள், கேபிள் தட்டு எல்லாம் ஒரே வலையில் கட்டப்பட வேண்டும். வெளியிலிருந்து, குறிப்பாக அணையிலிருந்தோ சர்ஜ் ஷாஃப்டிலிருந்தோ நீர்மட்ட அளவீடு கொண்டுவரும் செம்புக் கம்பிகளுக்கு இரு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும். முடிந்தால் அந்தத் தூரத்தை ஃபைபரிலேயே கடப்பது நல்லது.

பாலக்காட்டுப் பக்கம் கவலை வேறு. கணவாய் வழியே வரும் வறண்ட காற்றும் கஞ்சிக்கோடு வட்டாரத்துத் தொழிற்சாலைத் தூசியும் பேனலுக்குள் புகும். பங்குனி, சித்திரையில் வெளி வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் மூடிய பேனலுக்குள் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடும். 60 டிகிரி வரை தாங்கும் என்று தாளில் எழுதியிருக்கும் கன்ட்ரோலர் தாங்கத்தான் செய்யும், ஆனால் பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு ரேக்கையும் ஒரே பேனலில் வைத்து, அந்தப் பேனலுக்கு ஒரே ஏசி மட்டும் கொடுத்தால், அந்த ஏசி நின்ற நாள் இரண்டும் சேர்ந்து வேகும். நிலத்தடி மின்நிலையத்தில் சிக்கல் இதற்கு நேர் எதிர்: ஈரம். ஓடாமல் கிடக்கும் பேனலில் இரவில் பனித்துளி கோக்கும். ரேக்கைப் பொருத்துவதற்கு முன்பே ஸ்பேஸ் ஹீட்டர் வேலை செய்ய வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த கார்டை உடனே மாட்டாமல், அந்த அறையின் வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியபடியே வைத்திருக்க வேண்டும்.

அடையாளம்

இரட்டையின் இரண்டு உறுப்புகளும் ஒன்றையொன்று அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர: யார் எந்தப் பக்கம் என்பது.

ஒத்திருக்க வேண்டியவற்றில் முதன்மையானது ஃபர்ம்வேர். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு சிபியுவிலும் ஒரே பதிப்பு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பழுதுக்கு மாற்றாக வந்த கார்டில் பெரும்பாலும் புதிய பதிப்பு இருக்கும். மெமரி கார்டு உள்ள வகைகளில் அதன் வகையும் கொள்ளளவும் சமமாக இருக்க வேண்டும். கன்ட்ரோல்லாஜிக்ஸில் இரண்டு சேஸியிலும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் அதே மாட்யூல் இருக்க வேண்டும். ஒரு கார்டு ஒரு ஸ்லாட் தள்ளி மாட்டப்பட்டிருந்தாலும் இணைப்பு மறுக்கப்படும்.

வேறுபட வேண்டியது பக்க எண். எஸ்7-400எச் சிபியுவில் ரேக் எண் 0, 1 என்று குறிக்கும் சிறிய சுவிட்ச் கார்டின் முதுகில் இருக்கிறது. ஷ்னைடரின் மோடிகான் எம்580 வகையில் ஏ, பி என்று திருப்பும் குமிழும் பின்பக்கம்தான். அதாவது கார்டை ரேக்கில் மாட்டும் முன்பே இதை வைத்தாக வேண்டும். மாட்டிய பிறகு நினைவு வந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். 400எச்சில் இன்னொரு நுட்பம்: பேக்கப் பேட்டரி இருக்கும் நிலையில் எண்ணை மாற்றினால் புதிய எண் ஏறாது. பேட்டரியையும் மின்சாரத்தையும் முழுக்க நீக்கி மீண்டும் கொடுத்தால்தான் ஏறும். இரண்டு ரேக்கும் 0 என்று சொல்லிக்கொண்டு ஒன்றையொன்று ஏற்க மறுத்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நெட்வொர்க் முகவரியிலும் ஒரு பொறி உண்டு. கன்ட்ரோல்லாஜிக்ஸில் இரண்டு பக்கத்து ஈத்தர்நெட் கார்டுக்கும் ஒரே ஐபி முகவரியைத்தான் கொடுப்பார்கள். இணைந்த பின் ஸ்டாண்ட்பை பக்கம் அதற்கு அடுத்த எண்ணைத் தானாக எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் மாறும்போது முகவரியும் இடம் மாறும். ஆகவே அந்த அடுத்த எண் ஆலை நெட்வொர்க்கில் காலியாக இருக்க வேண்டும். யாரோ அதை ஒரு பிரிண்டருக்குக் கொடுத்திருந்தால், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிரிண்டரை ஆன் செய்த ஒரு நாளில் ஸ்டாண்ட்பை பக்கத்துத் தொடர்பு குழம்பும்.

ஃபைபர்

பெரும்பாலான வகைகளில் இரண்டு கன்ட்ரோலர்களும் ஒன்றையொன்று அறிவது ஃபைபர் வழியே. எஸ்7-400எச்சில் ஒவ்வொரு சிபியுவிலும் இரண்டு சின்க் மாட்யூல்கள். இடையே இரண்டு ஃபைபர் ஜோடிகள். முதல் மாட்யூல் மறுபக்கத்து முதல் மாட்யூலுக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. மாற்றிக் கட்டினால் இணையாது.

இணைப்பானின் தொப்பியை மாட்டும் நொடியில்தான் கழற்ற வேண்டும். கஞ்சிக்கோடு போன்ற இடத்தில் திறந்த ஃபைபர் முனையை மேசையில் பத்து நிமிடம் வைத்தாலே தூசி படியும், கண்ணுக்கு அது தெரியாது. மாட்டும் முன் அதற்கென உள்ள துடைப்பானால் ஒரே திசையில் துடைக்க வேண்டும், சட்டையிலோ விரலிலோ அல்ல. ஒளி வருகிறதா என்று முனைக்குள் கண்ணால் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. அது கண்ணுக்குத் தெரியாத லேசர். அளவிட பவர் மீட்டர் இருக்கிறது.

இரண்டு ஃபைபரையும் ஒரே தட்டில், ஒரே டையில் கட்டி அழகாகக் கொண்டுபோவது நல்ல வேலைபோலத் தெரியும். உண்மையில் அது இரண்டாவது ஃபைபரை வீணாக்குவது. எலி கடித்தாலும் வெல்டிங் பொறி விழுந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் அறும். அப்போது விளைவு வெறும் ‘ஸ்டாண்ட்பை இல்லை’ என்பதோடு நிற்காது. ஒரு ஃபைபர் முதலில் அறுந்து, பிறகு மற்றது அறுந்தால் ஸ்டாண்ட்பை தன்னை நிறுத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இரண்டும் ஒரே கணத்தில் போனால் ஒவ்வொரு கன்ட்ரோலரும் மறுபக்கம் செத்துவிட்டதாக எண்ணித் தானே மாஸ்டராகும் நிலை வரலாம். இரண்டு மாஸ்டர்கள் ஒரே வால்வுக்கு வெவ்வேறு கட்டளை அனுப்பும் அந்த நிலை, கன்ட்ரோலரே இல்லாமல் நிற்பதைவிட மோசம். ஆகவே இரண்டு ஃபைபரும் வெவ்வேறு தட்டில், முடிந்தால் வெவ்வேறு சுவர் வழியே போக வேண்டும்.

முதல் கன்ட்ரோலர்

இனி மின்சாரம் கொடுக்கலாம். அதற்கு முன் ஆலைப் பக்கம் ஊமையாக்கப்பட வேண்டும். எம்சிசி ஃபீடர்கள் டெஸ்ட் நிலையில், வால்வுகளுக்குக் காற்று அடைத்து, நீர்மின் இயந்திரமானால் முதன்மை நுழைவு வால்வு மூடி, பூட்டுப் போட்டு, பெர்மிட் எழுதிய பிறகே கன்ட்ரோலருக்கு மின்சாரம்.

முதலில் ஒன்றுக்கு மட்டும். எல்லா வகையிலும் இந்த விதி ஒன்றுதான், காரணமும் ஒன்றுதான்: முதலில் எழும்புவதே மாஸ்டர். கன்ட்ரோல்லாஜிக்ஸில் முதலில் மின்சாரம் பெற்ற சேஸி பிரைமரியாகிறது. 400எச்சில் முதன்முறை முதலில் தொடங்கியது மாஸ்டராகி, அந்த ஏற்பாடு பிறகும் நிலைக்கும். இரண்டையும் சேர்த்தே ஆன் செய்தால் பழைய ஏற்பாடே தொடரும். ஸ்டாண்ட்பை குறைந்தது 3 நொடி முந்தினால் அது மாறும்.

இந்த வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஆற அமரப் புரிந்துகொள்ள வேண்டும். இரட்டையில் நிரல் எப்போதும் ஒரே திசையில்தான் நகரும்: மாஸ்டரிலிருந்து ஸ்டாண்ட்பைக்கு. எந்தப் பக்கம் புதிது, எந்தப் பக்கம் பழையது என்று இயந்திரம் கேட்பதில்லை. மூன்று வாரம் உழைத்துத் திருத்திய நிரல் ஒரு பக்கத்திலும், தொழிற்சாலையில் சோதனைக்காக ஏற்றிய பழைய நிரல் மறுபக்கத்திலும் இருக்கும்போது, பழைய பக்கம் முந்தி எழும்பினால் அதுவே மாஸ்டர். புதியது தன்மேல் பழையதை வாங்கி அழிந்துபோகும். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அலாரம் எதுவும் வராது. நீக்கப்பட்டதாக நினைத்த ஓர் இன்டர்லாக் அடுத்த நாள் திரும்பி வரும்போதுதான் விஷயம் வெளிப்படும், அல்லது சேர்க்கப்பட்டதாக நினைத்தது இல்லாமல் போகும். இதைத் தவிர்க்க, இணைப்பதற்கு முன் ஸ்டாண்ட்பையாக வரப்போகும் கன்ட்ரோலரின் நினைவகத்தை முழுக்கத் துடைத்துவிடுவது நல்லது. ஸ்டாண்ட்பையில் தனியாக நிரல் ஏற்றும் ஆசையை விட்டுவிட வேண்டும். அதற்குத் தேவையும் இல்லை.

மாஸ்டரில் ஹார்டுவேர் அமைப்பையும் நிரலையும் ஏற்றி ரன்னுக்குக் கொண்டுவந்த பின், உடனே இரண்டாவதைத் தொடாமல், எல்லா லூப் சோதனைகளையும் இந்த ஒற்றை நிலையிலேயே முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் கொடுத்துத் திரையில் எண் சரியா என்று பார்ப்பதும், ஒவ்வொரு வால்வையும் 0, 50, 100 சதவீதத்துக்கு ஓட்டுவதும் இந்தக் கட்டத்து வேலை. இரண்டும் இணைந்த பிறகு ஒரு சிக்னல் தவறாக வந்தால், தவறு கம்பியிலா இணைப்பிலா என்று பிரிப்பது கடினம். இந்த நேரத்தில் 400எச்சின் முகப்பில் ‘எம்எஸ்டிஆர்’ விளக்கும் ‘ரெட்எஃப்’ விளக்கும் சேர்ந்து எரியும். இணை இல்லை என்ற ரெட்எஃப் எச்சரிக்கை இந்தக் கட்டத்தில் சரியானதே.

இரண்டாவது கன்ட்ரோலர்

மாஸ்டர் நிதானமாக ஓடத் தொடங்கி, அதன் சுழற்சி நேரம் நிலையாகத் தெரிந்த பிறகு ஸ்டாண்ட்பைக்கு மின்சாரம். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பெரிய நினைவகம் உள்ள சிபியுவில் முதல் சோதனை பல நிமிடங்கள் ஓடலாம். விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும்போது ‘தொங்கிவிட்டது’ என்று மின்சாரத்தை அணைத்து மீண்டும் போடுவது அவசரக்காரர்கள் செய்வது. அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

பிறகு இரண்டு கட்டங்கள். முதலாவது இணைதல். இதில் மாஸ்டர் மறுபக்கத்தின் ஃபர்ம்வேர், நினைவகம், அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, நிரலை அனுப்பும். இரண்டாவது புதுப்பித்தல்: நிரலின் உயிருள்ள பகுதி, அதாவது டைமர்கள் எவ்வளவு ஓடியிருக்கின்றன, பிஐடி எந்த இடத்தில் நிற்கிறது, கவுன்டர் எத்தனை, வெளியீடுகள் என்ன என்பதெல்லாம் மறுபக்கத்துக்குப் போகும். இந்தத் தரவு நகரும்போதே மாறிக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகாது. ஆகவே கடைசிச் சில கணங்களில் மாஸ்டர் சில பணிகளைப் பிடித்து நிறுத்தும். சுழற்சி வழக்கத்தைவிட நீளும், அவசர இடையீடுகள் காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அமைப்பில் குறிப்பிடலாம். ஆலையைத் தெரிந்தவர்தான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். கில்னின் நிலக்கரித் தீனிக்கு அரை நொடி பெரிதல்ல. பெல்டன் சக்கரத்தின் வேகக் கட்டுப்பாடு கன்ட்ரோலரிலேயே இருந்தால் அரை நொடி மிகப் பெரிது. கவர்னருக்கென்று தனிக் கன்ட்ரோலர் வைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுத்த நேரம் போதவில்லை என்றால் புதுப்பித்தல் கைவிடப்பட்டு ஸ்டாண்ட்பை மீண்டும் முயலும். இது திரும்பத் திரும்ப நடந்தால் நேரத்தைக் கண்மூடிக் கூட்டுவதற்கு முன், நிரல் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

எல்லாம் முடிந்தால் ரெட்எஃப் அணையும். கன்ட்ரோல்லாஜிக்ஸில் ஸ்டாண்ட்பை பக்க ரிடண்டன்சி மாட்யூலின் திரையில் ‘டிஸ்க்’ என்று இருந்தது ‘க்யூஎஃப்என்ஜி’ ஆகி, ‘சின்க்’ என்று நிற்கும். எஸ்7-1500எச்சில் திரையிலேயே ‘ரன்-ரிடண்டன்ட்’ என்று எழுதிக் காட்டும்.

இணைய மறுத்தால் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. ஃபர்ம்வேர் பதிப்பு, மெமரி கார்டு, ரேக் எண், ஃபைபர் இடமாற்றம், சாவி சுவிட்ச் இரு பக்கமும் ஒரே நிலையில் இல்லாமை ஆகிய ஐந்தைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். சிபியுக்கள் இணைந்த பிறகும் ரெட்எஃப் அணையவில்லை என்றால் கண்ணை ஐ/ஓ பக்கம் திருப்ப வேண்டும். இரட்டை பஸ்ஸில் நிற்கும் ஐ/ஓ நிலையத்தின் இரண்டு இடைமுக மாட்யூல்களில் ஒன்று தொடர்பில்லாமல் இருக்கலாம்.

பிடுங்கிப் பார்த்தல்

இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இது. திட்ட அட்டவணை பின்தங்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான். வெட்ட விடக் கூடாது.

சோதனையை மூன்று படிகளில் செய்வது வழக்கம். முதல் படி இயந்திரம் நிற்கும்போது. நீர்மின் நிலையத்தார் இதை டிரை டெஸ்ட் என்பார்கள். இரண்டாவது இயந்திரம் சுமையின்றிச் சுழலும்போது, மூன்றாவது சுமையோடு. முதல் படியில் தேறியது மூன்றாவதில் தோற்கலாம். காரணம் எளிது: நிற்கும் இயந்திரத்தின் எல்லா வெளியீடுகளும் பூஜ்ஜியம். மாறும் கணத்தில் அவை ஒரு நொடி பூஜ்ஜியமாகிப்போனாலும் யாருக்கும் தெரியாது.

அளவிடும் கருவி எதுவும் பெரிதாகத் தேவையில்லை. ஒரு கன்ட்ரோல் வால்வைப் பாதித் திறப்பில் நிறுத்தி, அதன் நிலையை வேகமாகப் பதியும் ரெக்கார்டரில் போட வேண்டும். வால்வுப் பக்கத்தில் ஒருவர் கையை ஸ்டெம்மின் அருகே கொண்டுபோகாமல், அதன் குறிமுள்ளை மட்டும் பார்த்தபடி நிற்கலாம். பிறகு மாஸ்டரின் மின்சாரத்தை அணைக்க வேண்டும். ஸ்டாப் பட்டனைத் தட்டுவது போதாது. ஸ்டாப் என்பது ஒழுங்கான விடைபெறல். கன்ட்ரோலர் மறுபக்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போகும். உண்மைப் பழுது சொல்லிவிட்டு வராது. மின்சாரம் போன கணத்தில் ரெக்கார்டரின் கோடு நேராகவே போக வேண்டும். ஒரு பல்லளவு இறங்கி ஏறினாலும் காரணம் தேட வேண்டும்.

கோடு இறங்கினால் காரணம் பெரும்பாலும் வெளியீட்டு மாட்யூலில் இருக்கும். கன்ட்ரோலருடன் தொடர்பு அறுந்தால் வெளியீடு என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஓர் அமைப்பு உண்டு: கடைசி மதிப்பைப் பிடித்து நிற்பது, பூஜ்ஜியமாவது, குறித்த மதிப்புக்குப் போவது. எந்த வெளியீட்டுக்கு எது என்று வால்வுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். இங்கே கன்ட்ரோலர்காரரும் வால்வுக்காரரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஏனென்றால் காற்று போனால் திறப்பதா மூடுவதா என்று வால்வுக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. கஞ்சிக்கோட்டில் 1974 முதல் இயங்கிய இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் போன்ற ஆலைகளில் அது வால்வு செய்யும்போதே தீர்மானிக்கப்படுகிறது. சிக்னல் பூஜ்ஜியமாவதும் காற்று போவதும் வால்வைக் கொண்டுபோகும் திசை ஒன்றாக இருக்க வேண்டும். டிஃப்ளெக்டர் போன்ற பாதுகாப்பு உறுப்புகளுக்குக் கடைசி மதிப்பைப் பிடித்து நிற்பது சரியல்ல. சிக்னல் போனால் அவை பாதுகாப்பான பக்கம் போயே ஆக வேண்டும்.

மற்றொரு காரணம் டிரைவ்கள். வேகம் மாற்றும் டிரைவ் ஒவ்வொன்றும் கன்ட்ரோலரிடமிருந்து செய்தி வருகிறதா என்று தன் கடிகாரத்தில் எண்ணிக்கொண்டிருக்கும். அதில் வைத்த காலக்கெடு, மாஸ்டர் மாற எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால், கன்ட்ரோலர் அழகாக மாறியிருக்கும், டிரைவ் டிரிப் ஆகியிருக்கும். கில்ன் மெயின் டிரைவில் இதைச் சரிபார்க்காமல் விடுவது பெரிய பிழை.

மாஸ்டரின் மின்சாரத்தைத் தவிர வேறு பலவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒரு ஃபைபர், பிறகு மற்றது (இரண்டையும் சேர்த்து அல்ல), ஒரு பக்க நெட்வொர்க் கேபிள், ஐ/ஓ நிலையத்தின் ஓர் இடைமுகம், ஒரு பேட்டரித் தொகுதியின் ஃபியூஸ். ஒவ்வொன்றையும் திரும்பப் பொருத்தி, அமைப்பு முழு இரட்டை நிலைக்குத் திரும்பிய பிறகே அடுத்தது. திரும்பும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும்; பின்னாளில் அந்த நேரம் நீண்டால் ஏதோ ஒன்று தளர்கிறது என்று பொருள். ஒவ்வொரு பிடுங்கலுக்கும் கன்ட்ரோல் ரூமில் சரியான அலாரம் வந்ததா என்பது பாதிச் சோதனை. வராத அலாரம் எதிர்காலத்தில் ஒரு பழுதை மறைக்கும். ஸ்டாண்ட்பை இறந்து ஆறு மாதமாகி, யாருக்கும் தெரியாமல் மாஸ்டர் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகள் உண்டு.

மாஸ்டரைப் பக்கம் மாற்றி, அதே சோதனைகளை மறுதிசையிலும் செய்ய வேண்டும். 0-விலிருந்து 1-க்குப் போவது 1-லிருந்து 0-வுக்குத் திரும்புவதற்கு உத்தரவாதம் அல்ல.

ஒப்படைப்பும் பிறகும்

ஒப்படைக்கும் கோப்பில் நிரலின் நகல் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு பக்கத்து ஃபர்ம்வேர் எண், மெமரி கார்டு வகை, ரேக் எண், நெட்வொர்க் முகவரிகளும் அவற்றுக்காகக் காலியாக விட்ட எண்களும், ஒவ்வொரு வெளியீடும் பழுதில் என்ன செய்யும் என்ற பட்டியல், சோதனைகளில் பதிந்த நேரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வாளையாறு போன்ற எல்லைப் பகுதி ஆலைகளில் ஒரே ஷிப்டில் தமிழும் மலையாளமும் பேசுபவர்கள் சேர்ந்தே நிற்கிறார்கள். அவசரக் குறிப்புத் தாள் இரண்டு மொழியிலும் எழுதப்பட்டு பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட வேண்டும்.

பிறகு எப்போதாவது ஒரு சிபியுவை மாற்ற வேண்டிவரும். புதிய கார்டில் பதிப்பைச் சரிபார்த்து, முதுகில் உள்ள எண்ணைப் பழைய கார்டுக்குச் சமமாக வைத்து, ஓடும் பக்கம் தெளிவாக மாஸ்டராக இருப்பதை விளக்கில் பார்த்து உறுதி செய்த பிறகே புதியதற்கு மின்சாரம். புதிய கார்டு ஏற்கெனவே வேறெங்கோ ஓடியதாக இருந்தால், அதில் மிச்சமிருக்கும் நிரலை ரேக்கில் மாட்டுவதற்கு முன்பே, பணிமனையில் வைத்துத் துடைத்துவிட வேண்டும். ஸ்பேர் கார்டுகள் ஈரமில்லாத, பூட்டிய அலமாரியில், தங்கள் உறையிலேயே இருக்க வேண்டும். ஆலையின் ஃபர்ம்வேர் உயர்த்தப்படும் ஒவ்வொரு முறையும் அவற்றின் ஃபர்ம்வேரும் சேர்த்தே உயர்த்தப்பட வேண்டும்.

பிடுங்கிப் பார்க்கும் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது, திட்டமிட்ட ஷட்டவுனுக்கு முந்தைய நாள் செய்வது பொருத்தம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், ஏதாவது தவறினாலும் மறுநாள் எப்படியும் நிறுத்தப்போகும் இயந்திரம்தான் அது. நீர்மின் நிலையங்களில் இதைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அணைகள் நிரம்பி எல்லா இயந்திரங்களும் முழுச் சுமையில் ஓடும் மாதங்களில் சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். மின்னலும் மண்சரிவும் மின்தடையும் கூடி, ஸ்டாண்ட்பை உண்மையாகவே தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான்.